61 வயது அம்மா நாள் முழுக்க கேண்டி க்ரஷ் ஆடுகிறார், போனை வாங்கி வைத்துவிடலாமா?

11 மே 2025, ஞாயிறு

கேள்வி, சென்னையில் வேலை பார்க்கும் ஒரு காட்பாடிக்காரருடையது: "அம்மாவுக்கு 61. அப்பா இல்லை, தனியாக இருக்கிறார். எப்போது போன் செய்தாலும் 'இருடா, இந்த லெவல் முடியட்டும்' என்கிறார். கண் எரிகிறது என்றும் சொல்கிறார், ஆனால் விடுவதில்லை. ஸ்மார்ட் போனை வாங்கி வைத்துக்கொண்டு பட்டன் போன் ஒன்று கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். யாராவது இப்படிச் செய்திருக்கிறீர்களா?"

செய்யாதீர்கள். எனக்கு 57, வேலூர் சத்துவாச்சாரி, நானும் ஆடுகிறவள்தான், அதனால் என்னிடம் நடுநிலை எல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். இப்போது கத்திரி வெயில். பதினோரு மணிக்கு மேல் வாசல் கதவைத் திறந்தால் அனல் முகத்தில் அடிக்கிறது, அம்மா எங்கே போவார்? ஒரு ஆளுக்குச் சமைக்க அரை மணி நேரம் போதும். அதிலிருந்து ராத்திரி சீரியல் வரைக்கும் இருக்கிற நேரத்தில் அவரோடு யார் பேசுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். "லெவல் முடியட்டும்" என்பதை நீங்கள் அவமரியாதையாக எடுத்துக்கொள்கிறீர்கள். பதினெட்டு வயதில் நீங்கள் அவரிடம் இதையே எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்?

இன்னொன்று, மிட்டாய்களை வரிசையாக அடுக்குகிற அந்த ஆட்டம் நாள் முழுக்க ஆட விடாது. மொத்தம் ஐந்து லைஃப், ஒரு லெவலில் தோற்றால் ஒன்று போகும். ஒன்று போனால் திரும்பி வர 30 நிமிடம், ஐந்தும் தீர்ந்தால் முழுசாக நிரம்ப இரண்டரை மணி நேரம். நடுவில் காசு கட்டினால் உடனே கிடைக்கும். அம்மா நாள் முழுக்க ஆடுகிறார் என்றால் ஒன்று அவர் தோற்காமல் ஆடுகிறார், அப்படியானால் வாழ்த்துங்கள். இல்லை காசு போகிறது, அதைப் பாருங்கள். மூன்றாவது ஒரு வழியும் உண்டு, போனின் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்து லைஃப் வாங்குகிற வித்தை. எங்கள் தெருவில் ஒரு அம்மா இதைச் செய்துவிட்டு நேரத்தைத் திருப்பி வைக்க மறந்து, பால்காரர் வரவில்லை என்று அதிகாலை மூன்று மணிக்கு அவருக்குப் போன் செய்தார்.

12 மே

"வயசான காலத்தில் நாலு ஸ்லோகம் சொல்லாமல் கேம் என்ன கேம்" என்று எழுதிய பெரியவருக்கு: வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரருக்கே மதியம் நடை சாத்துகிறார்கள். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்க நம் பாட்டிகள் பரமபதம் ஆடினார்களே, தாயம் உருட்டினார்களே, அது எந்தக் கணக்கில் வரும்?

18 மே, ஞாயிறு

நான்கைந்து பேர் "வெட்டிப் பொழுதுபோக்கு" என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐம்பதைத் தாண்டியவர்கள் போனில் ஆடுவதை நான் பார்த்தவரை, பாதிக்கு மேல் காத்திருக்கிற நேரத்தில்தான். வேலூரைப் போல காத்திருக்கிறவர்கள் நிறைந்த ஊர் வேறு எங்கே இருக்கிறது? சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கம் ஒரு காலை வேளையில் போய் நில்லுங்கள். கொல்கத்தா, ஜார்க்கண்ட், திரிபுரா, எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் சுற்றிலும் உள்ள லாட்ஜுகளில் வாரக்கணக்கில் தங்கியிருக்கிறார்கள். அவர்களுக்காகவே கடைப் பலகைகளில் வங்காள எழுத்து. நோயாளி உள்ளே இருப்பார், கூட வந்தவர் வெளியே இருப்பார். ரிப்போர்ட் வர நேரமாகும். பேச பாஷை தெரியாது. பேப்பர் வாங்கினால் தமிழிலோ இங்கிலீஷிலோ இருக்கும். கையில் லூடோ.

அம்மாவின் மூட்டு வலிக்காக ஒரு தடவை போயிருந்தபோது பக்கத்தில் என் வயதுள்ள ஒரு வங்காளப் பெண்மணி கம்ப்யூட்டரை எதிர்த்து லூடோ ஆடிக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு ஆட்டத்தை அழித்துப் புதிதாக இரண்டு பேர் ஆடும்படி வைத்து, பச்சைக் காயைக் காட்டி என்னிடம் நீட்டினார். அவருக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது. என் காயை வெட்டும்போது மட்டும் ஏதோ சொல்லிச் சிரித்தார், திட்டாகத்தான் இருக்கும். நல்ல ஆட்டம். என் கடைசிக் காய்க்கு இன்னும் மூன்று கட்டம்தான் பாக்கி என்கிறபோது அவர்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள், போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு இன்னும் அந்த எரிச்சல் போகவில்லை.

ரயிலிலும் அதே கதைதான். காட்பாடியிலிருந்து அரக்கோணத்துக்கு சீசன் டிக்கெட்டில் போய் வந்த வருஷங்களில் ஆம்பிளைகளின் சீட்டுக் கச்சேரி தினமும் நடக்கும். முழங்கால்களுக்கு மேல் ஒரு துண்டை விரித்துக்கொண்டு நான்கு பேர் ஆட, எட்டு பேர் நின்றபடி யோசனை சொல்வார்கள். எங்கள் பெண்கள் பெட்டியில் பூக்கட்டு, கீரை ஆய்தல், வம்பு. இப்போது அதே வண்டியில் ஏறினால் ஆளுக்கொரு போன், காதில் ஒயர். ஆட்டம் இருக்கிறது, யோசனை சொல்கிற எட்டு பேரைத்தான் காணோம்.

25 மே

குடியாத்தத்துக்காரர் ஒருவர் "இது எல்லாம் ஜியோ வந்த பிறகு வந்த வியாதி, எங்கள் தலைமுறைக்கு கேமே தெரியாது" என்று எழுதியிருக்கிறார். அவர் ஆபீஸ் போனதே இல்லையா? விண்டோஸோடு சாலிடேர் சீட்டாட்டம் வந்தது 1990-ல். மவுஸைப் பிடித்து இழுத்துப் போடப் பழகட்டும் என்றுதான் அதைச் சேர்த்தார்கள் என்பார்கள், எங்கள் அலுவலகம் நன்றாகவே பழகியது. மேனேஜர் வந்தால் ஒரே அமுக்கில் கணக்குத் தாள் திரையில் வந்து நிற்கும். அப்புறம் நோக்கியா 1100-ல் பாம்பு. பஸ் ஸ்டாண்டில் பாம்பு வாலைக் கடித்துக்கொண்டு சாகாத கையே கிடையாது. அன்றைக்கு முப்பது, நாற்பது வயதில் அதை ஆடியவர்களுக்குத்தான் இன்று அறுபது ஆகிறது. புதிதாக யாரும் கெட்டுப்போகவில்லை.

என் வீட்டுக்காரர் இன்னும் பழைய லேப்டாப்பில் ஸ்பைடர் சாலிடேர்தான். போனில் ஆடினால் அது கேம், லேப்டாப்பில் ஆடினால் வேலை என்று அவர் ஒரு கொள்கை வைத்திருக்கிறார்.

4 ஜூன், புதன்

நேற்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயம், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டம் கிடையாது என்று தமிழ்நாடு பிப்ரவரியில் கொண்டுவந்த விதிகள் செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். கம்பெனிகள் போட்ட வழக்கு தள்ளுபடி. இதை நான் கேண்டி க்ரஷ் பேச்சோடு கலக்க விரும்பவில்லை, ஆனால் கலந்துதான் கிடக்கிறது, எங்கள் வீட்டில் கலந்தது.

ராணிப்பேட்டையில் இருக்கும் என் அண்ணன் ஷூ கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து ஊரடங்கு நேரத்தில் வேலையை விட்டவர். சீட்டில் கை தேர்ந்தவர், அந்த ரயில் கச்சேரிகளில் அவரைச் சேர்த்துக்கொள்ளவே யோசிப்பார்கள். ஒரு ரம்மி செயலியில் நுழைந்தார். முதலில் ஜெயித்தார், அண்ணிக்கு மிக்ஸி வாங்கிக் கொடுத்தார், நாங்களும் சிரித்தோம். அப்புறம் ராத்திரி ஒன்று, இரண்டு மணி. அப்புறம் கைமாற்று. அப்புறம் அண்ணியின் இரட்டை வடச் சங்கிலி பேங்கில் இருக்கிறது என்பது ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது தெரிந்தது.

தடைச் சட்டத் தேதிகள் எல்லாம் அண்ணனுக்கு மனப்பாடம். நவம்பர் 2020-ல் அவசரச் சட்டம் வந்தபோது நிறுத்தினார். ஆகஸ்ட் 2021-ல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்த வாரமே திரும்ப ஆரம்பித்தார். அக்டோபர் 2022-ல் மறுபடி அவசரச் சட்டம், ஏப்ரல் 2023-ல் ஆளுநர் ஒப்புதல், நவம்பர் 2023-ல் நீதிமன்றம் சட்டம் செல்லும் ஆனால் ரம்மியும் போக்கரும் அதில் வராது என்றது. "ரம்மி திறமை ஆட்டம், 1968-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது" என்று எங்களிடமே வாதாடுவார். அது நிஜம்தான். ஆனால் ரயிலில் எதிரே இருப்பவர் முகம் தெரியும், தோற்கிறவன் முகத்தைப் பார்த்து "போதும் எழுந்திரு, நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்ல ஒரு ஆள் இருப்பார். அரக்கோணம் வந்தால் ஆட்டம் முடிந்தே தீர வேண்டும். செயலியில் அரக்கோணம் வருவதே இல்லை.

அதனால் 12 முதல் 5 வரை தடை என்றால் எனக்குச் சந்தோஷம்தான். அண்ணன் தோற்றதில் பெரும் பங்கு அந்த நேரத்தில் போனது. ஆனால் பதினொன்றரைக்குத் தோற்றவர் அஞ்சு மணிக்கு அலாரம் வைக்க மாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

5 ஜூன்

தனிச் செய்தியில் கேட்டவர்களுக்கு இங்கேயே: அண்ணன் இப்போது ஆடுவதில்லை. அறிவுரை எதுவும் வேலை செய்யவில்லை. வங்கிக் கணக்கை அண்ணி கைக்கு மாற்றி, அவர் போனில் யூபிஐயை எடுத்துவிட்டு, ஒரு மனநல மருத்துவரிடம் தொடர்ந்து போனதுதான் உதவியது. போகத் தயங்குகிறவர்கள் முதலில் 14416-க்கு அழைக்கலாம், அது அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், காசு இல்லை, தமிழில் பேசுவார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில் இந்த மாதிரி போன், கேம் பழக்கத்துக்கென்றே 2014 முதல் ஷட் என்ற பெயரில் தனிப் பிரிவு இருக்கிறது, காட்பாடியிலிருந்து காலை வண்டி பிடித்தால் போய் வரலாம். கேலி செய்த இரண்டு பேருக்குப் பதில் எழுத எனக்கு நேரமில்லை.

22 ஜூன், ஞாயிறு

கனமான பேச்சு போதும். லூடோவில் கம்ப்யூட்டர் திருடுகிறது என்று இங்கே ஒரு கட்சியே உருவாகிவிட்டது. "எனக்கு மட்டும் பத்து உருட்டு வந்தாலும் ஆறு விழாது." கணக்குப் போடலாம், கணக்கு எழுதித்தான் முப்பது வருஷம் சம்பளம் வாங்கினேன். நேர்மையான பகடையில் பத்து உருட்டும் ஆறே விழாமல் போக வாய்ப்பு சுமார் 16 சதவீதம். அதாவது ஆறு பேர் உட்கார்ந்தால் அதில் ஒருவருக்கு நடக்கும், அந்த ஒருவர்தான் இங்கே வந்து எழுதுவார்.

இப்போது நம் தாயத்தைப் பாருங்கள். இரண்டு தாயக்கட்டை, ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், ஒரு பக்கம் வெறுமை. தாயம் விழ ஒன்றும் வெறுமையும் சேர்ந்து வர வேண்டும், பதினாறில் இரண்டு, எட்டில் ஒன்று. பத்து உருட்டில் தாயமே விழாமல் இருக்க வாய்ப்பு 26 சதவீதம். லூடோவை விட மோசம்! காய் இறக்க முடியாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்த ஆயாக்கள் யாரும் கட்டையின் மேல் புகார் கொடுக்கவில்லை, மருமகளின் கையைத்தான் குறை சொன்னார்கள்.

என் அம்மாவுக்கு 81. பெங்களூரில் இருக்கும் பேரப்பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை லூடோ, மைக்கைத் திறந்து வைத்துக்கொண்டு. "ஆயா, உன் டர்ன்" என்று அங்கிருந்து கத்துவார்கள். அவர் ஆட்டத்தில் குறியாக இருப்பதில்லை. யாருக்கு சளி, யார் சாப்பிடவில்லை, பின்னால் என்ன சண்டை என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, அப்புறம் மெதுவாக உருட்டுகிறார். சும்மா போன் செய்தால் அந்தப் பிள்ளைகள் "நல்லா இருக்கோம்" என்று இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுவார்கள், லூடோ என்றால் முக்கால் மணி நேரம் சிக்குகிறார்கள்.

13 ஜூலை

"மூளைக்கு நல்லது, மறதி வராது" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. ஆடுகிற கட்சிக்காரி நானே சொல்கிறேன், அதை நம்பி ஆட வேண்டாம். 2013-ல் நேச்சர் இதழில் வந்த ஒரு ஆய்வைத்தான் பெரும்பாலும் காட்டுகிறார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 60 முதல் 85 வயது வரை உள்ளவர்களைக் கார் ஓட்டுகிற ஒரு ஆட்டம் ஆடவைத்தார்கள், ஓட்டிக்கொண்டே வழியில் வரும் குறிகளையும் கவனிக்க வேண்டும். கவனம் முன்னேறியது உண்மை. ஆனால் அது அதற்கென்றே செய்த ஆட்டம், நாம் மிட்டாய் அடுக்குவதற்கு அந்தப் புகழ் சேராது. மூளைப் பயிற்சி என்று விளம்பரம் செய்த லூமோசிட்டி என்ற கம்பெனிக்கு அமெரிக்காவில் 2016-ல் 20 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்ததும் இதே மாதிரி வாக்குறுதிகளால்தான்.

கட்டை விரல் அடியில் வலி இருக்கிறவர்கள் போனை மேஜையில் வைத்து ஆள்காட்டி விரலால் ஆடுங்கள். படுத்துக்கொண்டு முகத்துக்கு மேல் பிடித்து ஆட வேண்டாம், தூக்கம் வந்தால் போன் மூக்கின் மேல் விழும். அனுபவம்.

எது அடிமைத்தனம் என்று கேட்டவருக்கு: உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கேம் கோளாறு இருக்கிறது, 2022 முதல் அது நடைமுறை. அதில் இத்தனை மணி நேரம் என்று ஒரு எண்ணே கிடையாது. ஆட்டம் தன் கட்டுப்பாட்டில் இல்லை, மற்ற எல்லாவற்றையும் அது தள்ளிவிடுகிறது, கெடுதல் தெரிந்தும் தொடர்கிறது, இது சாதாரணமாக ஒரு வருடமாவது நீடிக்க வேண்டும். என் அண்ணனுக்கு மூன்றும் இருந்தது. மதியம் மூன்று மணி நேரம் ஆடிவிட்டு நாலரைக்குக் காய்கறி வாங்க நேதாஜி மார்க்கெட் கிளம்பி, முள்ளுக் கத்திரிக்காய்க்குப் பேரம் பேசுகிற எனக்கு ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன். வீட்டுக்காரரின் கருத்து வேறு.

24 ஆகஸ்ட், ஞாயிறு

ஒரே வாரத்தில் எல்லாம் மாறிவிட்டது. 20-ஆம் தேதி மக்களவை, 21 மாநிலங்களவை, 22 குடியரசுத் தலைவர் ஒப்புதல். திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் நாடு முழுக்கத் தடை. நடத்தினால் மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம், விளம்பரம் செய்தால் இரண்டு வருடம், 50 லட்சம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. பெரிய செயலிகள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன.

பயந்து போய்க் கேட்ட ஆம்பூர் அக்காவுக்கு: உங்கள் லூடோவும் கேண்டி க்ரஷ்ஷும் இதில் வராது. அங்கே நீங்கள் காசு கொடுத்தாலும் பதிலுக்கு ஆட்டத்துக்குள் மிட்டாயை உடைக்கிற சுத்தியல்தான் வாங்குகிறீர்கள், பணம் ஜெயிக்கப் போவதில்லை.

ஜூனில் நேரத் தடை பற்றி எழுதும்போது எனக்கு சந்தேகம் இருந்தது, இப்போது முழுத் தடையைப் பற்றியும் ஒரு சந்தேகம் இருக்கிறது. அண்ணனிடம் செய்தியைச் சொன்னேன். "வெளிநாட்டுச் செயலி எத்தனை இருக்கு தெரியுமா உனக்கு" என்றார். எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்திருக்கிறது என்பதுதான் வயிற்றைக் கலக்கியது. அண்ணியிடம் சொல்லிவிட்டேன். போட்டுக் கொடுத்தேன் என்று அண்ணன் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, பரவாயில்லை.

7 செப்டம்பர்

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். போனைப் பிடுங்குவதற்குப் பதில் பத்து நிமிடம் உட்கார்ந்து அதைச் சரிசெய்து கொடுங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள். பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். ஆட்டத்தின் நடுவில் "உங்கள் போனில் வைரஸ்" என்று சிவப்பாக வருகிறதே, அது விளம்பரம், தொடக்கூடாது என்று ஒரு முறை காட்டிக் கொடுங்கள். மூடுகிற பெருக்கல் குறியைக் கடுகளவுக்கு வைத்திருக்கிறார்கள், அறுபது வயதுக் கண்ணுக்கு அது தெரிவதில்லை, பக்கத்தில் பட்டு எங்கேயோ போய் நிற்கிறது. கம்ப்யூட்டரோடு ஆடும் ஆட்டம் என்றால் நெட்டை அணைத்துவிட்டு ஆடச் சொல்லுங்கள், பெரும்பாலும் விளம்பரமே வராது.

முடிந்தால் நீங்களும் அதே ஆட்டத்தை இறக்கி லைஃப் அனுப்புங்கள். என் மகன் அனுப்புவதில்லை. மருமகள் அனுப்புகிறாள். உயிலில் இது பிரதிபலிக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

8 செப்டம்பர்

தாயத்தில் அஞ்சு விழுந்தாலும் காய் இறக்கலாம் என்று ஆரணிக்காரர் எழுதியிருப்பது உங்கள் வீட்டுச் சலுகை ஐயா. வேலூரில் தாயம் விழாமல் இறக்க முடியாது. அஞ்சு, ஆறு, பன்னிரண்டுக்கு மறு உருட்டு உண்டு, அவ்வளவுதான். வெட்டு இல்லாமல் பழமும் (காய் நடுக் கட்டத்துக்குப் போய்ச் சேர்வது) கிடையாது. ஒரு வெட்டாவது வெட்டாதவரை உள்கட்டத்துக்குள் விடுவதில்லை, என் மாமியார் காலத்திலிருந்தே இதுதான் சட்டம். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

பித்தளைத் தாயக்கட்டை எங்கே கிடைக்கும் என்று கேட்டவர் லாங் பஜார் பக்கம் பாத்திரக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். வாங்கும்போது கடையிலேயே தரையில் இருபது முறை உருட்டிப் பார்த்து வாங்குங்கள், ஒரு பக்கமே விழுகிற கட்டையும் உண்டு.